முன்னாடியா, பின்னாடியா

காலை ஆறேகால் மணிக்கு மார்க்கையன்கோட்டை வயலில் வானம் கிடந்தது. முந்தின நாள் மாலை அதே இடத்தில் அறுத்த நெல்தாள் குத்திக்கொண்டிருந்த, வெடிப்பு விட்ட, காய்ந்த வயலை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். குனிந்து மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தியும் பார்த்தேன். விரல் போகவில்லை. அதை நம்பித்தான் சைக்கிளின் இரண்டு சக்கரங்களிலும் காய்ந்த தரைக்கான டயரை மாட்டியிருந்தேன். இப்போது அந்த வயலில் இரண்டு மேகங்களும் ஒரு தென்னைமரமும் தலைகீழாக நின்றன. வரப்பில் என் பக்கத்தில் நின்ற சுருளிராஜன் நடந்ததை ஆராய்ந்து, ஒரே வார்த்தையில் முடித்தான்.

"தண்ணி."

சுருளி என்னோடு மூன்று வருடம் தேனியில் பி.காம். படித்தவன். வயல் அவனுடைய பெரியப்பா நல்லகண்ணுவினுடையது. பெரியப்பா மடையோரம் மண்வெட்டியை ஊன்றி, தண்ணீர் பாய்வதை, பிள்ளை பால் குடிப்பதைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இன்னைக்குப் பந்தயம்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"வயலக் கேட்டு வந்தாகல்ல?"

"வந்தாக. கேட்டாக. குடுத்தேன். வயலத்தானப்பா கேட்டாக, காஞ்ச வயலுன்னு கேட்டாகளா? விடியக்காலம் நம்ம முறை வந்துருச்சு. இன்னைக்கு விட்டா இனி எட்டு நாளு. ஒங்க சைக்கிளு ஓடுறதுக்காகத் தண்ணி அடுத்தவன் காட்டுக்குப் போறத நான் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

வாய்க்கால் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்து வருகிறது. முதல் போகம் அறுத்து முடிந்து, இரண்டாம் போகத்துக்கு உழவு தொடங்கும் நேரம். முறை வந்த நாளில் மடை திறக்காத ஆளை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. பந்தயத் தேதியைக் குறித்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது தெரியாது, அவர்களை விட்டுவிடலாம். ஆனால் சுருளியின் வீட்டுச் சுவரில் முறை நாட்கள் கரிக்கட்டையால் எழுதியிருக்கின்றன. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் அவன் கைபேசியில் நாட்காட்டியைத் திறந்து, "ஞாயித்துக்கெழம ஃப்ரீதான் சார்" என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறான்.

பந்தயத்தின் பெயர் சைக்ளோகிராஸ். ரோட்டில் ஓட்டவேண்டிய சைக்கிளை ரோடு இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டுவது, ஓட்ட முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது. விளக்கிச் சொன்னபோது என் அம்மா ஜெபராணி, "அப்ப சைக்கிள் எதுக்குடா?" என்று கேட்டாள். இன்றுவரை அந்தக் கேள்விக்கு உலக அளவில் பதில் இல்லை. இங்கே ஒரு சுற்று மூன்று கிலோமீட்டர். வாய்க்கால் கரையின் சரளை, தென்னந்தோப்பு, ஆற்று மணல், கடைசியாக இந்த வயல். ஐம்பது நிமிடம் சுற்றவேண்டும். மாநிலம் முழுக்க இருந்து பதினெட்டு பேர் வந்திருந்தார்கள்.

இதில் மிதிக்கிற காலைவிட டயர்தான் முக்கியம். காய்ந்த தரைக்கு என்று ஒரு டயர் உண்டு. அரம் மாதிரி பொடிப்பொடியாகச் சொரசொரப்பு, உருட்டினால் சும்மா வழுக்கிக்கொண்டு ஓடும். சேற்றுக்கு வேறு டயர். கட்டை கட்டையாகப் பொத்தான் வைத்து, பொத்தானுக்குப் பொத்தான் இடைவெளி விட்டிருக்கும், ஒட்டிய சேறு தானாகக் கழன்று விழுவதற்கு. காய்ந்த டயரோடு சேற்றில் இறங்குவது, எண்ணெய் தடவிய பாறையில் லுங்கியோடு ஏறுவது. சேற்று டயரோடு சரளையில் போனால் யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல இருக்கும். போதாததற்குக் காற்று. பழக்கமில்லாதவன் நிறைய அடிப்பான், தெரிந்தவன் குறைப்பான். டயர் கொஞ்சம் அமுங்கிப் படர்ந்தால்தான் மண்ணைப் பிடிக்கும்.

சக்கரத்திலும் ஒரு சோதனை வந்தது. தேனியில் பல் டாக்டர் சுந்தரலிங்கம் எங்கள் சைக்கிள் குழுவின் தலைவர். அவரிடம் வெளிநாட்டுக் கார்பன் சக்கரம் ஒரு ஜோடி இருக்கிறது; தூக்கினால் தட்டு மாதிரி கனமே இருக்காது. அதை எனக்கு இரவல் தருவதாகச் சொன்னார். அதில் டயரைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், மாற்ற ஒரு நாள் ஆகும். கருவேல முள் ஏறினால் கதை முடிந்தது. நான் மறுத்துவிட்டு, டயரைக் கழற்றி மாட்டக்கூடிய என் அலுமினியச் சக்கரத்தையே வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த சில முடிவுகளில் அது ஒன்று. படிப்பை அப்பா எடுத்தார், கல்லூரியை மாமா எடுத்தார், தலைமுடியின் நீளத்தை எங்கள் திருச்சபை எடுத்தது.

முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவர்களை ஊட்டியில் ஆறு மாதப் பயிற்சி முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். அப்பா பொன்னுராஜ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ரெண்டுக்குள்ள வந்தா போ. தடுக்க மாட்டேன். வரலைன்னா திங்கக்கெழம ஒம்போது மணிக்குக் கடைக்கு வந்துரு." தேனி பஜாரில் எங்கள் கடை 'பொன்னுராஜ் & சன் டயர்ஸ்'. பலகை எழுதியபோது எனக்கு இரண்டு வயது. லாரி, டிராக்டர், வேன், எல்லாவற்றுக்கும் டயர் உண்டு. படிப்பு முடிந்த இந்த ஆறு மாதமும் நான் அங்கே 'தற்காலிகமாக' உட்கார்ந்திருந்தேன், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில். போன வாரம் எனக்கென்று சுழல் நாற்காலி வந்து இறங்கியது. அப்பா பாலிதீன் உறையைப் பிரிக்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். அவ்வளவுதான். நான் போகவர அது லேசாகத் திரும்பி என்னைப் பார்க்கும்.

சேற்று டயர் ஒரு ஜோடி என் பையில் இருந்தது. ஆனால் ட்யூப் இல்லாத டயரைக் கைப்பம்பால் ஏற்ற முடியாது. டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்கார ஒரே மூச்சில் காற்று பாயவேண்டும், அதற்கு கம்ப்ரசர் வேண்டும். சின்னமனூரில் ஞாயிறு காலை ஒரு கடையும் திறக்கவில்லை. கம்ப்ரசர் வைத்த வேன் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஓட்டுகிறவர் எட்டு மணி ஆராதனைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருப்பார். என்னை ஊட்டிக்கு விடாமல் பிடித்துவைத்திருக்கும் ஒரே மனிதரைக் கூப்பிட்டு, ஊட்டிக்குப் போக உதவி கேட்கவேண்டும். கேட்டேன்.

"வயல்ல தண்ணி விட்டுட்டாகப்பா."

"யாரு?"

"வயலுக்காரருதான்."

"முறையா இருக்கும்," என்றார். முழு தேனி மாவட்டமும் புரிந்துகொள்ளும் விஷயத்தைப் பதினெட்டு சைக்கிள்காரர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. "இரு, வாரேன்."

எட்டேகாலுக்கு வேன் தோப்போரம் வந்து நின்றது. அப்பா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் பேனாவோடு இறங்கினார். எனக்குத் தெரிந்து அவர் ஆராதனையைத் தவறவிட்டது இரண்டாவது முறை. முதல் முறை மஞ்சள் காமாலை. கையில் அரை முழ இரும்புக் கம்பி இருந்தது. லாரி டயரை அந்தக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்றின் அளவைச் சொல்லிவிடுவார். இறங்கியதும் என் சைக்கிளின் முன்டயரை 'டொக்' என்று தட்டினார். முகம் மாறியது.

"என்னடா இது, பஞ்சு மாதிரி இருக்கு? எத்தனை வச்சிருக்க?"

"இருவத்தாறு."

"ஏலே, டயர்க் கடைக்காரன் மகன் இருவத்தாறு வச்சு ஓட்டுறான்னு வெளிய சொல்லிராத."

கம்ப்ரசரை ஓடவிட்டதும்தான் தவறு நடந்தது. அந்தச் சத்தம் வயல்வெளி முழுக்கப் போயிற்று. சேற்று டயரைப் பையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஆறு பேர், சக்கரத்தை இரு கையிலும் தூக்கிக்கொண்டு தோப்பின் ஆறு மூலையிலிருந்தும் வந்துசேர்ந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் விஜய்ராஜ், கழுத்தில் விசிலும் தலையில் தொப்பியுமாக ஓடிவந்து, "சார், கடவுள் மாதிரி வந்தீங்க" என்றார். அப்பாவுக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. "அப்படியெல்லாம் பேசாதீக" என்றார். "எத்தனை மணிக்கு ஸ்டார்ட்டு?"

"ஒம்பது. உங்களுக்காக ஒம்பதரை வரைக்கும் தள்ளிப்போடறேன் சார். அதுக்கு மேல ஒரு நிமிஷம் முடியாது, வெயில் வந்துரும்."

நான் அப்பாவின் காதருகில் போனேன். "அப்பா, மொதல்ல என்னுத முடிச்சிருவோம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். "கடைக்காரன் வண்டி கடைசிலதான. தெரியாதா ஒனக்கு?"

தெரியும். பத்தாம் வகுப்பு முழுக்க நான் பஞ்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது அதனால்தான். வாடிக்கையாளர் ஒருவர் நின்றால்கூட எங்கள் வீட்டு வண்டியைத் தொடமாட்டார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படி. சந்தை நாளில் அம்மாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன ஜீப்பே நான்காவதாகத்தான் காற்றடித்துக்கொண்டு புறப்பட்டது என்பார்கள். அந்த ஜீப்பில் போய்ப் பிறந்தவன் நான்.

"சோப்புத் தண்ணிய எடு," என்றார் அப்பா. வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேன் கதவில் மாட்டினார். "நீ கழத்து. நான் ஏத்துறேன்."

ஒரு மணி நேரம். ஆறு பேர், பன்னிரண்டு சக்கரம். பழைய டயரின் ஓரத்தை நெம்பி எடுப்பது, உள்ளேயிருக்கும், ஓட்டை அடைக்கிற பால் மாதிரிக் குழம்பைத் துடைப்பது, புதுப் பால் ஊற்றுவது, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவுவது, அப்பாவிடம் தள்ளுவது. அவர் காற்றை விட்டதும் 'டப்', 'டப்' என்று டயர் இரண்டு பக்கமும் போய் உட்காரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இப்போதும் உள்ளே ஏதோ நிம்மதி வருகிறது. அதுதான் பயமாக இருந்தது. மூன்றாவது சக்கரத்தில் நாங்கள் பேசுவதை நிறுத்திவிட்டோம். நான் கை நீட்டுமுன் நெம்புகோல் என் கைக்கு வந்தது. அவர் திரும்புமுன் துணி அவர் தோளில் இருந்தது. பந்தயம் ஓட வந்த நான், வேனுக்குப் பின்னால், முழங்கால் மண்ணில் பட, திங்கட்கிழமை ஒன்பது மணியை ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்திருந்தேன்.

சுந்தரலிங்கம் டாக்டரும் தன் கார்பன் சக்கரத்தோடு வரிசையில் வந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, ஆர்வத்துக்கு ஓடுகிறார். அப்பா ஒட்டியிருந்த டயரின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார்.

"இது வேரோட இருக்கு டாக்டர். பிடுங்கலாம். ஆனா மரத்துப்போற ஊசி என்கிட்ட இல்லையே."

டாக்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். "சரி பொன்னுராஜ், நான் கரையில நின்னு கை தட்டுறேன்," என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். கடையிலும் இப்படித்தான். கடுகடுவென்று இருக்கிற மனிதர், வாடிக்கையாளர் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். எங்களுக்குக் கிடைக்காத அந்த அப்பா, தேனி பஜாருக்குத் தினமும் கிடைக்கிறார்.

ஆறாவதாக ஈஸ்வரபாண்டி வந்தான். போடிக்காரன், பத்தொன்பது வயது, பந்தயம் என்றால் அவன்தான் முதலில் வருவான் என்று அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஊட்டியில் இரண்டு இடம் என்பது, அவனைக் கழித்துவிட்டால் மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒரு இடம்தான். அவனுடைய சக்கரம் என் மடியில் இருந்தது.

"ண்ணே, காத்து எவ்வளவு வைக்கணும்? எனக்கு இந்தத் தொளிச் சேத்துல ஓட்டிப் பழக்கமில்ல. நீங்களே சொல்லுங்கண்ணே."

நாற்பது என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை, என் அப்பாவைக் கேட்டால் நாற்பதும் குறைவு என்பார். நாற்பது வைத்தால் சேற்றில் அவன் சக்கரம் மூங்கில் குச்சி மாதிரி உள்ளே இறங்கும். நான் வாயைத் திறந்தேன்.

"முன்னாடி இருவத்திரெண்டு, பின்னாடி இருவத்தஞ்சு," என்று வந்தது. "ஓடும்போது ரிம் தரைல தட்டுனா ரெண்டு ஏத்திக்க. தட்டலைன்னா அப்படியே விட்டுரு."

சோப்புத் தண்ணீரையும் நன்றாகத்தான் தடவியிருந்தேன். என் கை என்னைக் கேட்கவில்லை. அப்பா அவனுடைய டயரைக் கம்பியால் தட்டி, முகம் சுளித்துக்கொண்டே கொடுத்தார். "எவ்வளவுங்க?" என்று ஈஸ்வரபாண்டி பர்சை எடுத்தான். "ஞாயித்துக்கெழம காசு வாங்குறதில்லப்பா," என்றார் அப்பா. "நல்லா ஓட்டு."

ஒன்பது இருபத்திரண்டு. விஜய்ராஜ் மைக்கில் எல்லாரையும் தொடக்கக் கோட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு, கடையில் அடுத்த ஆளைப் பார்த்துக் கேட்கும் அதே குரலில், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லுங்க."

எனக்கு யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று தோன்றி, திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. பிறந்ததிலிருந்து அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"ரெண்டும் மாத்தணும்."

"ஏழு நிமிஷம் இருக்கு. ஒண்ணுதான் முடியும். முன்னாடியா, பின்னாடியா?"

அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். டிராக்டரைப் பார், பின்சக்கரத்தில்தானே பொத்தான், முன்சக்கரம் சும்மா கூடவே வருவது. தள்ளுகிற சக்கரம் வழுக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதுவும் சரிதான். ஆனால் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நான் நினைத்த பக்கம் போகாது. நின்றுபோனால் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓடலாம். திரும்பவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. இருபத்தொரு வருடமாக என் வண்டியை யாரோ பின்னால் இருந்து நன்றாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடி."

அவர் ஒரு வினாடி என் முகத்தைப் பார்த்தார். டிராக்டரைப் பற்றிப் பேசவில்லை. முன்சக்கரத்தை எடுத்தார். நான் கழற்றக் கை நீட்டினேன், தள்ளிவிட்டார். "நீங்க நில்லுங்க. போய்ப் பச்சத்தண்ணி குடிங்க." நெம்பி, துடைத்து, பால் ஊற்றி, சோப்பு தடவி, தனி ஆளாக நான்கு நிமிடத்தில் முடித்தார். இரண்டு 'டப்'பும் ஒரே நேரத்தில் கேட்டன. பிறகு பழக்கத்தில் காற்றை அடித்துக்கொண்டே போனார். நாற்பத்தைந்து. கம்பியால் தட்டினார். கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது. அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகத் திருப்தி வந்தது.

"இப்பப் போங்க. கல்லு மாதிரி இருக்கு."

என்னுடையதை ஏன் முதலிலேயே முடிக்கவில்லை என்று கேட்கலாம். மகன் ஊட்டிக்குப் போகக்கூடாது என்று வரிசையைக் காரணம் காட்டினாரா, இல்லை, வரிசை என்பது அவருக்கு நிஜமாகவே மகனைவிடப் பெரிதா? அவரைக் கேட்டால் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். நான் கோட்டில், கடைசி வரிசையில், பதினேழாவது ஆளாக நின்றேன். குனிந்து முன்டயரின் வால்வை நகத்தால் அழுத்தினேன். 'உஸ்ஸ்' என்று அவருடைய காற்று வெளியே போயிற்று. கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பத்தடி தள்ளி, சட்டையில்லாமல், கையில் கம்பியோடு நின்றவருக்கு மட்டும் கேட்டது. அவர் முகத்தைத் திருப்பி வாய்க்காலைப் பார்த்தார். விசில் ஊதினார்கள்.

முதல் மூன்று சுற்றில் பத்து பேரைத் தாண்டினேன். சரளையில் பின்டயர் சும்மா பறந்தது. மணலில் தூக்கிக்கொண்டு ஓடினேன். சேற்றில் முன்சக்கரம் நான் சொன்ன பக்கம் திரும்பியது. வழுக்கி விழுந்தவர்களைச் சுற்றிக்கொண்டு, வரப்பை ஒட்டி, தாள் அடர்ந்த இடமாகப் பார்த்து ஓட்டினேன். காய்ந்த டயரோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்லகண்ணு பெரியப்பா மடையில் நின்றபடி, "ஏலே, அங்கன போகாத, அங்கன ஆழம். இங்கன வா, இங்கன!" என்று வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். மடையை மட்டும் அடைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் ஒரு விரல் ஏறியிருந்தது.

கடைசிச் சுற்று. கரையிலிருந்து வயலுக்குள் இறங்கும்போது சுருளி கத்தினான். "மாப்ள, நீ மூணாவதுடா! மூணாவது!" முன்னால் ஈஸ்வரபாண்டி வயலைத் தாண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் சேலத்துக்காரன் ஒருவன், வயலின் நடுவில், எனக்கு முப்பது அடி முன்னால். அவனும் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டிருந்தான். நான் மிதித்தேன். பின்சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. முன்சக்கரம் நேராக, தெளிவாக, போகவேண்டிய திசையைப் பார்த்தபடி இருந்தது. நான் குதித்து, சைக்கிளைத் தோளில் போட்டேன். ஒரு அடி வைத்தேன், கணுக்கால் வரை போயிற்று. அடுத்ததற்கு முழங்கால். காலை உருவ உருவ, தொளி அதை வாயில் போட்டுச் சப்பித்தான் திருப்பிக் கொடுத்தது. வரப்பில் அப்பா ஓடிவருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், வாய் திறந்திருந்தது. என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

தண்ணீர் பாய்ந்ததும் புழு பொறுக்க வந்த கொக்குகள் இருபது முப்பது, வயல் முழுக்க நின்றன. சேலத்துக்காரன் கடக்கும்போது அவை ஒரே வெள்ளையாக எழும்பின. தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தன. அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த அந்த முப்பது அடியில் மறுபடி இறங்கி உட்கார்ந்தன. நான் அடுத்த காலை உருவினேன். ஒரு கொக்கு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு, மெல்லிய ஒற்றைக் காலைச் சேற்றிலிருந்து சத்தமே இல்லாமல் எடுத்து, எனக்கு முன்னால் ஒரு அடி வைத்தது.